சித்தி கொடுத்த சிறுநீரகமும் லுட்டீசியமும்

சித்தப்பாவின் வலது முன்கையில் வந்த கட்டி வலிக்கவில்லை, அரிக்கவில்லை. ஊதாவும் சிவப்பும் கலந்த நிறத்தில், தொட்டால் வழவழவென்று, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாமல் இருந்தது. சித்தி சூட்டுக் கட்டி என்று முடிவு கட்டி மஞ்சளைக் குழைத்துப் போட்டார். பலதுறை மருந்தகத்தில் பார்த்த இளம் மருத்துவர் நீர்க்கட்டி மாதிரி இருக்கிறது, பெரிதானால் வாருங்கள் என்றார். இரண்டு மாதத்தில் அது இரண்டு மடங்கானது.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெர்க்கல் செல் கார்சினோமா என்ற இந்தத் தோல் புற்று எப்படித் தென்படும் என்று 2008இல் அமெரிக்காவில் 195 நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் பார்த்த மருத்துவர் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ‘ஆபத்தில்லாத கட்டி’ என்றுதான் சொல்லியிருக்கிறார். அதிலும் அதிகம் சொல்லப்பட்டது நீர்க்கட்டி. வலி இல்லாமை, வேகமான வளர்ச்சி, உடம்பில் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பது, ஐம்பதைத் தாண்டிய வயது, வெயில் படும் வெளிர் தோல் ஆகிய ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் சந்தேகப்படுங்கள் என்றது அந்த ஆய்வு. சித்தப்பாவுக்குக் கடைசியதில் பாதிதான் பொருந்தும். வெயில் உண்டு, வெள்ளைத் தோல் இல்லை. அந்த 195 பேரில் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள். தமிழர் ஒருவரின் கையில் இதை எதிர்பார்க்க யாருக்குத் தோன்றும்?

வெயில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளின் காலத்தில் ஆரம்பித்தவர். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். வலது கை திறந்த ஜன்னலோரம்தான் கிடக்கும். சிங்கப்பூரில் நண்பகல் புறஊதாக் கதிர்க் குறியீடு சாதாரண நாளிலேயே 6க்கு மேல் போகும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சில நாள் 11ஐத் தொடும். இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வலது கை நன்றாகக் கறுத்திருக்கும். “சம்பளத்தோட சேர்த்துக் கொடுத்த கலர்” என்பார்.

ஆனால் வெயிலைவிடப் பெரிய காரணம் அவர் வயிற்றுக்குள் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக அவர் உயிரோடு இருப்பது சித்தியின் இடது சிறுநீரகத்தால். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்ட பிறகு, ஈசூனில் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஓடிக்கொண்டிருந்தவருக்குச் சித்தி தன்னுடையதைக் கொடுத்தார். அடுத்தவர் உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மருந்துகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். உடம்பின் காவலைத் தட்டி வைப்பதுதான் அந்த மருந்துகளின் வேலை. காவல் குறைந்த உடம்பில் தோல் புற்றுகள் தலைதூக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு மெர்க்கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இதில் ஒரு வைரஸுக்கும் பங்குண்டு. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் பிரீட்ரிக் மெர்க்கல் 1875இல் தோலில் தொடு உணர்ச்சிக்கான ஒருவகைச் செல்லை விவரித்தார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 1972இல், சிரில் டோக்கர் என்ற நோய்க்கூற்று மருத்துவர் இந்தப் புற்றை முதலில் எழுதி வைத்தார். மெர்க்கலின் பெயர் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2008இல் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்கூடம் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு புதிய பாலியோமா வைரஸைக் கண்டுபிடித்தது. கபோசி புற்றுக்குக் காரணமான வைரஸை 1994இல் கண்டுபிடித்ததும் இதே தம்பதிதான். பத்தில் எட்டு மெர்க்கல் கட்டிகளில் இந்த வைரஸ் இருக்கிறது. இத்தனைக்கும் அது நம்மில் பெரும்பாலோர் தோலில் சின்ன வயதிலிருந்தே சும்மா குடியிருக்கும் ஒன்று. எதிர்ப்பாற்றல் சரியாக இருக்கிறவரை அது இருப்பதே தெரியாது.

சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் வேலை வேகமாக நடந்தது. கட்டியை அகலமாக வெட்டி எடுத்தார்கள், அக்குளில் நிணநீர்க்கணுக்களை எடுத்தார்கள், கைக்கும் அக்குளுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மார்புக்கூட்டில் கணுக்கள், இடுப்பெலும்பில் ஒரு புள்ளி என்று திரும்பி வந்தது.

பரவிய மெர்க்கலுக்கு இன்றைக்கு முதல் தெரிவு இம்யூனோதெரபி. 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவெலுமாப் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. முதல் சிகிச்சையாகக் கொடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கும். சுருங்கியவர்களில் பலருக்கு அது வருஷக்கணக்கில் நிற்கும். கீமோவில் கட்டி கரைந்தாலும் சில மாதத்தில் திரும்பி வந்துவிடும் என்பதுதான் இந்த நோயின் பழைய வரலாறு. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

ஆனால் இம்யூனோதெரபி செய்வது என்ன? தூங்கும் காவலை எழுப்பிவிடுகிறது. எழுந்த காவல் புற்றை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் சித்தியின் சிறுநீரகத்தைப் பார்க்காமல் போகுமா? இதுவரை வெளியான நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தவர்கள், இந்த மருந்து பெற்ற மாற்றுச் சிறுநீரகக்காரர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு உறுப்பு நிராகரிப்பு நேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

புற்றுநோய் மருத்துவர் இதை ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கினார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சித்திதான் சட்டென்று, “டாக்டர், நான் கொடுத்தது கொடுத்ததுதான். அது போனா போகட்டும், ஆளக் காப்பாத்துங்க” என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. “இன்னொருத்தி உடம்பக் கிழிச்சு எடுத்தத நான் எப்படிப் போனா போகட்டும்னு சொல்றது?” இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து பற்றிய பேச்சு அந்த அறையில்தான் முதலில் வந்தது.

நம் உடம்பில் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன் இருக்கிறது. 1973இல் ரோஜர் கில்லமினின் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தார்கள். அவருக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றச் சுரப்புகளை ‘போதும், நிறுத்து’ என்று அடக்குவது அதன் வேலை. ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் கரைந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில செல்களின் மேற்பரப்பில் உண்டு. நரம்புக்கும் நாளமில்லாச் சுரப்பிக்கும் நடுவில் நிற்கும் செல்களிலிருந்து வரும் புற்றுகளில், அதாவது நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில், இந்த ஏற்பிகள் மண்டிக் கிடக்கும். மெர்க்கலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

டோட்டாடேட் மாதிரி, சீக்கிரம் கரையாத ஒரு போலி ஹார்மோனைச் செய்து, அதன் வாலில் கதிரியக்கத் தனிமம் ஒன்றைக் கட்டி நரம்பில் செலுத்தினால், அது ரத்தத்தோடு போய் ஏற்பி இருக்கிற இடத்தில் ஒட்டும். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் காலியம்-68 இருந்தால் பெட் ஸ்கேனில் அந்த இடங்கள் ஒளிரும். காலியத்துக்குப் பதில் லுட்டீசியம்-177 இருந்தால், அது உமிழும் பீட்டா துகள்கள் அந்தச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். அந்தத் துகள் திசுவுக்குள் போகும் தூரம் அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர். சராசரி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. வெளியிலிருந்து அடிக்கும் கதிர் தோலையும் தசையையும் கடந்து போகிறது. இது கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சுடுகிறது.

மெர்க்கலுக்கு இது பொருத்தமாகத் தோன்ற இன்னொரு காரணம், இந்தப் புற்று கதிர்வீச்சுக்குச் சட்டென்று மசியும். வலி கொடுக்கும் பரவல்களுக்கு ஒரே தடவை 8 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர் கொடுத்தாலே பெரும்பாலானவை சுருங்கிவிடுகின்றன. பத்து இடத்தில் பரவியிருந்தால் பத்து இடத்துக்கும் வெளியிலிருந்து அடித்துக்கொண்டிருக்க முடியாது. ரத்தத்தின் வழியாக எல்லா இடத்துக்கும் போகட்டும் என்பதுதான் யோசனை.

புத்தம் புதிய யோசனையும் இல்லை. 1941இலேயே பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடினைத் தைராய்டு நோயாளிக்குக் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் யாராவது ஒரு அத்தையோ அக்காவோ அதைக் குடித்துவிட்டுத் தனியறையில் இருந்திருப்பார். லுட்டீசியம் டோட்டாடேட் பெரிய அளவில் நிரூபணமானது 2017 ஜனவரியில். சிறுகுடல் பகுதியிலிருந்து பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் உள்ள 229 பேரிடம் நடந்த ஆய்வில், இருபதாவது மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லுட்டீசியம் பெற்றவர்களில் 65.2 சதவீதம், மற்றவர்களில் 10.8 சதவீதம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் அணு மருத்துவத் துறையிலும் அத்தகைய கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு.

இங்கேதான் வாட்ஸ்அப் உறவினர்களோடு எனக்குச் சண்டை. “அங்க 65 பர்சென்ட் கேரண்டியாம்” என்று ஒரு மாமா குரல்பதிவு அனுப்பினார். அந்த எண் சிறுகுடல் கட்டிகளுக்கானது. அவை மெதுவாக, வருஷக்கணக்கில் வளர்பவை. மெர்க்கல் வாரக்கணக்கில் வளரும். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 7.4 கிகாபெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அட்டவணை மெதுவான நோயை மனதில் வைத்துப் போட்டது. மெர்க்கலில் லுட்டீசியத்துக்கு இருக்கும் சான்று, தனித்தனி நோயாளிகள் பற்றிய அறிக்கைகளும் சிறு தொகுப்புகளும்தான். ஆஸ்திரேலியாவில் அவெலுமாபோடு லுட்டீசியத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. பெர்த்தில் இருக்கும் சித்தப்பா மகன் அதன் சுட்டியை அனுப்பி, “அப்பாவ இங்க கூட்டிட்டு வந்திரவா?” என்று கேட்டான். இம்யூனோதெரபி சேர்ந்த ஆய்வுகளில் வழக்கமாக மாற்றுறுப்புக்காரர்களைச் சேர்க்க மாட்டார்கள். யாருக்கு இந்த வழி அதிகம் தேவையோ அவர்களே கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் அப்படி, எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

லுட்டீசியத்திலும் சிறுநீரகப் பிரச்சினை உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை. ஏற்பியில் ஒட்டாமல் மிஞ்சும் மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும். போகிற வழியில் சிறுநீரகம் அதில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கே இது கவனிக்க வேண்டிய விஷயம். இவருக்கு இருப்பது ஒன்று, அதுவும் கடன் வாங்கியது. ஒரு சிகிச்சை சிறுநீரகத்தை எதிரி என்று நினைத்துத் தாக்கலாம். இன்னொன்று போகிற போக்கில் சுட்டுவிடலாம். சிறுநீரக மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், அணு மருத்துவர் மூவரும் உட்கார்ந்து பேசி, இரண்டாவதை அளந்து அளந்து கொடுக்க முடியும், முதலாவதை அளக்க முடியாது என்ற கணக்கில் லுட்டீசியத்தை முன்னால் வைத்தார்கள். எனக்கு அந்தத் தர்க்கம் பிடித்தது. எவ்வளவு அடி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அதற்கு முன் ஸ்கேன். காலியம் ஒளிர்ந்தால்தான் லுட்டீசியம். ஒளிராவிட்டால் பேச்சே இல்லை. இந்தச் சிகிச்சையில் என் மதிப்பைப் பெற்ற இடம் இதுதான். ‘உங்களுக்கு வேலை செய்யுமா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான மருந்துகள் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்லும். இதற்குச் சேர வேண்டிய இடத்துக்கு மருந்து சேருமா என்பதை முன்கூட்டியே கண்ணால் பார்க்கலாம். சேர்ந்தால் குணம் நிச்சயம் என்று அர்த்தமில்லை. சேராவிட்டால் வீண் என்பது மட்டும் நிச்சயம். காலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம். அதனால் தயாரித்த கையோடு போட்டுவிடுகிறார்கள்.

ஒன்றல்ல, இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்று காலியம் டோட்டாடேட், மற்றொன்று சர்க்கரை தின்னும் செல்களைக் காட்டும் வழக்கமான பெட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். சர்க்கரை ஸ்கேனில் எரியும் ஒரு கட்டி டோட்டாடேட் ஸ்கேனில் இருட்டாக இருந்தால், லுட்டீசியம் அதைத் தொடாமலே போய்விடும். மெர்க்கலில் இந்த ஏற்பி எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே உடம்பில்கூட ஒரு கட்டியில் நிறைய இருக்கும், அடுத்ததில் இருக்காது.

அணு மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் ஒரு மனித உருவம். மண்ணீரல் மையைக் கொட்டியது போல் கறுத்திருந்தது, அது எல்லாருக்கும் அப்படித்தானாம். மார்பில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள், இடுப்பெலும்பில் ஒன்று. எல்லாம் இரண்டு ஸ்கேனிலும் தெரிந்தன. முதுகுப்பக்கம் சிறுநீரகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிப்போன இரண்டு மங்கல் நிழல்கள். அடிவயிற்றில், வலது இடுப்பு மடிப்புக்கு மேலே, முழுசாக, கொழுகொழுவென்று ஒரு சிறுநீரகம். மாற்றுச் சிறுநீரகத்தைப் பழைய இடத்தில் வைப்பதில்லை, அங்கேதான் பொருத்துவார்கள். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். “இதா என்னுது?” என்று கேட்டார். மருத்துவர் ஆமாம் என்றதும், “நல்லாத்தான இருக்கு” என்று சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார், பத்து வருஷத்துக்கு முன் கொடுத்த பாத்திரத்தை இன்னும் துலக்கி வைத்திருக்கிறாரா என்று சரிபார்க்கிற முகத்தோடு.

மருந்துக்குத் தேதி குறிப்பது தனிக் கலை. லுட்டீசியத்தின் அரை ஆயுள் ஆறரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதல். சிங்கப்பூரில் அணு உலை கிடையாது. உலையில் சமைத்த லுட்டீசியம் விமானத்தில் வர வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கென்று அளந்து கட்டியதை அடுத்த செவ்வாய் போட்டால் பாதிதான் இருக்கும். சளி, காய்ச்சல் என்று நோயாளி தள்ளிப்போட முடியாது. 2022 மே மாதம் நோவார்ட்டிஸ் நிறுவனம் தரச் சிக்கலால் இத்தாலி, அமெரிக்க ஆலைகளில் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, பல நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். கிடங்கில் சேர்த்து வைக்கவே முடியாத மருந்து இது.

சிகிச்சை நாளில் எனக்கு மறக்காதது கதிரியக்கம் இல்லை, நரம்பு தேடியதுதான். இரண்டு குழாய் போட வேண்டும்: ஒன்றில் லுட்டீசியம், மற்றதில் அமினோ அமிலக் கரைசல். இடது கையில் டயாலிசிஸ் காலத்து ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்; அந்தக் கையில் ஊசி குத்தக்கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக்கூடாது. வலது கையில் அக்குள் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். அதிலும் முடிந்தவரை குத்தாதே என்று கோப்பில் சிவப்பில் எழுதியிருக்கிறது. மிஸ்ஸி, அதாவது தாதி, இரண்டு கையையும் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். “அங்கிள், உங்களுக்கு மூணாவது கை வேணும்” என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான், ஆனால் சித்தப்பா சிரித்த சிரிப்பில் எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது. கடைசியில் மருத்துவர் வந்து வலது புறங்கையில் போடலாம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு வேலை நடந்தது.

அமினோ அமிலம் சிறுநீரகத்துக்கான கவசம். லைசினும் ஆர்ஜினினும் சேர்ந்த கரைசல், நான்கு மணி நேரம் ஓடும். சிறுநீரகம் லுட்டீசிய மருந்தை உறிஞ்சும் அதே வழியில் இவை முண்டியடித்துக்கொண்டு நுழைவதால், மருந்து உள்ளே தங்காமல் வெளியேறுகிறது. கவசம்தான் அன்றைக்கு அவரைப் படுத்தியது. லுட்டீசியம் ஈயக் கூட்டுக்குள்ளிருந்து அரை மணி நேரத்தில் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. அமினோ அமிலம் குமட்டிக்கொண்டே இருந்தது. குமட்டலுக்கு ஊசி போட்டும் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அறைத் தரையில் பிளாஸ்டிக் அடித்தாள் விரித்திருந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாங்கள் கண்ணாடிக்கு வெளியே. சாயங்காலம் மருத்துவ இயற்பியலாளர் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியால் அளந்தார், எண் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பயணம் போகும்போது காட்ட ஒரு கடிதமும் கொடுத்தார்கள், விமான நிலையங்களில் கதிர்வீச்சு உணர்கருவி அலறினால் காட்டுவதற்கு.

வீட்டில்தான் உண்மையான கூத்து. மிஞ்சிய மருந்தில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரோடு போய்விடும். அதற்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறையில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். மூடியைப் போட்டுவிட்டு இரண்டு தடவை தண்ணீர் இழுத்துவிட வேண்டும். எழுபது வயதில் உட்காரச் சொல்கிறார்களே என்று சித்தப்பா முணுமுணுத்தார். நான்கறை வீட்டில் இரண்டு கழிவறை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். படுக்கையறைக் கழிவறை அவருக்கு, சமையலறைக் கழிவறை மற்ற எல்லாருக்கும். துணி தனி, துண்டு தனி, படுக்கை தனி. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நான் தனியாக உட்கார்ந்து விளக்கினேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: “சார் சாப்பிட்ட தட்டு?” சாதாரணமாகக் கழுவினால் போதும் என்றதும் நிம்மதியானாள்.

சிக்கல் சித்தப்பா மகளால் வந்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவரிடமிருந்து சில நாள் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும் என்பது முதல் விதி. வளைகாப்பு அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள், சமூக மன்றத்தில் இடம் எடுத்தாயிற்று, தேக்காவில் வளையலும் வாங்கியாயிற்று. பெரிய அத்தை நாளை மாற்றக்கூடாது என்றார். சம்பந்தி வீட்டார் கதிர்வீச்சு என்றதும் வரவே யோசித்தார்கள். ஒருவர், “ஒட்டிக்குமா?” என்று கேட்டார். ஒட்டாது. புற்றும் ஒட்டாது, கதிரும் ஒட்டாது. கிட்டத்தில் நீண்ட நேரம் இருந்தால் கதிர் படும், அவ்வளவுதான்.

மருத்துவ இயற்பியலாளரிடம் போனில் கேட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் படுகிற கதிர் நான்கில் ஒன்றாகும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே மண்டபத்தில் தூரத்தில் சிறிது நேரம் உட்காரலாம், பக்கத்தில் போய் ஆசி சொல்ல வேண்டாம் என்றார். கதவோரம் ஒரு நாற்காலி போட்டோம். சித்தப்பா வேட்டி சட்டையில் வந்து அங்கே உட்கார்ந்தார். பெண்கள் வளையல் அடுக்கினார்கள். எப்படியும் வளைகாப்பில் அப்பாக்களுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மகள் எழுந்து நின்று அங்கிருந்தே கும்பிட்டாள். அவர் கையை உயர்த்தி, “நல்லா இரு, கிட்ட வராத” என்றார். மண்டபமே சிரித்தது. புளிச்சாதம் தனித் தட்டில் கதவோரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

காசு பற்றி இரண்டு வரி. 2022 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் புற்றுநோய் மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி கொடுக்க வேண்டுமானால் அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மருந்தின் பெயரை மட்டும் பார்க்காது, எந்த நோய்க்கு என்றும் பார்க்கும். அரிய நோய்க்காரர்கள் எந்தச் சிகிச்சையானாலும் ஒப்புக்கொள்வதற்கு முன் மருத்துவமனையின் நிதி ஆலோசகரையும் மருத்துவச் சமூக ஊழியரையும் பார்த்து, எதில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கினோம், அப்படியும் சித்தப்பா மகன் பெர்த்திலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது.

லுட்டீசியம் பீட்டாவோடு கொஞ்சம் காமாவும் உமிழும். அதனால் மருந்து போட்ட அடுத்த நாட்களில் உடம்பைப் படமெடுத்து, எந்த உறுப்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று கணக்கிட முடியும். சிறுநீரகத்துக்கு 23 கிரே என்று ஒரு பழைய எல்லை உண்டு. வெளியிலிருந்து கொடுக்கும் கதிருக்காக வகுத்தது. எச்சரிக்கைக்காக இங்கேயும் அதையே பார்க்கிறார்கள். சித்தியின் சிறுநீரகம் முதல் இரண்டு தவணையில் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் சித்தி அந்த எண்ணைக் கேட்டுத் தன் நாட்காட்டியில், ராகு காலத்துக்குப் பக்கத்தில், எழுதி வைத்துக்கொண்டார். பிளேட்லெட் கொஞ்சம் இறங்கி ஏறியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அசையவில்லை.

இரண்டாம் தவணைக்குப் பிறகு மறுபடி இரண்டு ஸ்கேன். மார்பில் இருந்த கணுக்கள் நன்றாகச் சுருங்கியிருந்தன. இடுப்பெலும்புப் புள்ளி மங்கியிருந்தது. சித்தப்பாவின் முதுகை நான் தட்டப் போன நேரம், மருத்துவர் கல்லீரலைக் காட்டினார். சர்க்கரை ஸ்கேனில் ஒரு புதிய புள்ளி. டோட்டாடேட் ஸ்கேனில் அதே இடம் வெறுமை. ஏற்பி இல்லாத செல்கள் லுட்டீசியத்தின் கண்ணில் படாமல் தப்பி, எட்டு வார இடைவெளியில் வளர்ந்துவிட்டன. மூன்றாம் தவணையைப் போட்டால் பழைய கட்டிகளுக்கு நல்லது, இதற்குப் பயனில்லை. ஆல்ஃபா துகள் உமிழும் ஆக்டினியம்-225 மாதிரியானவை ஆய்வில் இருக்கின்றன. அவற்றின் அடி இன்னும் குறுகிய தூரத்தில் இன்னும் பலமாக விழும். ஆனால் அவையும் இதே ஏற்பியைத்தான் பிடிக்க வேண்டும். பிடிமானம் இல்லாத இடத்தில் எதுவும் நிற்காது.

மருத்துவர் மூன்றாம் தவணையை நிறுத்தினார். இன்னொரு குடும்பமாக இருந்தால் ‘பாதியில் விட்டுவிட்டார்கள்’ என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நிறுத்தம் சரி என்று பட்டது. படம் பார்த்து ஆரம்பித்ததைப் படம் பார்த்தே நிறுத்தினார்கள். இரண்டு தவணை எங்களுக்கு அரை வருஷத்தைக் கொடுத்தது. அதற்குள் பேரன் பிறந்தான், சித்தப்பா அவனைக் கையில் வாங்கினார், அப்போது யாரும் தூரம் அளக்கவில்லை.

மறுபடி அதே கேள்விக்கே வந்து நின்றோம்: இம்யூனோதெரபி, சிறுநீரகம். இந்த முறை சிறுநீரக மருத்துவர் கொஞ்சம் தைரியமாகப் பேசினார். 2024இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், வேறொரு தோல் புற்று வந்த 12 மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை மாற்றி அமைத்து, ஸ்டீராய்டும் சேர்த்து, இம்யூனோதெரபி கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் சிறுநீரகம் நிராகரிக்கப்படவில்லை. பன்னிரண்டு பேர்தான், அதுவும் வேறு புற்று. டாக்ரோலிமஸுக்குப் பதில் அதே வேலையை வேறு வழியில் செய்யும் சிரோலிமஸ், கூடவே ஸ்டீராய்டு என்று இவருக்கும் அதே பாதையில் ஒரு திட்டம் போட்டார்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி மருத்துவரிடம் நேராகத் தமிழிலேயே கேட்டார்: “ஒருவேளை கிட்னி போச்சுன்னா, ஈசூன் டயாலிசிஸ் சென்டர்ல இடம் கிடைக்குமா? இல்ல தூரமா போட்ருவாங்களா? இவர் பஸ்ல போறவரு.” நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கித் தர ஏற்பாடு செய்யலாம், இப்போதே பெயரைக் குறித்து வைக்கிறேன் என்றார் அவர். சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்து, “காலை ஷிஃப்ட்டா கேளுங்க” என்றார். அதைத்தான் நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஓடுகிறது, வலது புறங்கையில். வாரம் இரண்டு நாள் ரத்தம் எடுத்து கிரியேட்டினின் பார்க்கிறார்கள். ஒருமுறை ஏறியது, ஸ்டீராய்டைக் கூட்டினார்கள், இறங்கியது. அடுத்த ஸ்கேன் தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.